சின்னப் பிள்ளைகளோடு மதுரை: நம்பிக்கைகளும் உண்மைகளும்

காலாண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் பெரும்பாக்கத்தில் மாலை நேரப் பேச்சே மாறிவிடும். நூக்கம்பாளையம் சாலை அடுக்ககங்களின் லிஃப்ட் வாசலிலும் எழில் நகர் குடியிருப்பின் மாடிப்படியிலும் ஒரே கேள்விதான்: லீவுக்கு எங்கே? மகாபலிபுரமும் வண்டலூரும் ஏற்கெனவே பார்த்தாயிற்று. யாராவது மதுரை என்று ஆரம்பிப்பார்கள். வாண்டுகளை வைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்திலா என்று ஒரு கட்சி. மீனாட்சியைப் பார்க்காமல் ஒரு பிள்ளை வளரலாமா என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சியிலும் பாதி அனுபவம், மீதி கேள்வி ஞானம். பள்ளி வயதை எட்டாத, அல்லது இப்போதுதான் எட்டிய பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்காக அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம்.

நம்பிக்கை: சின்ன வயதில் பார்த்தால்தான் மனசில் நிற்கும்

நிற்காது. மூன்று வயதுக்கு முன்னால் நடந்தது எதுவும் நம்மில் பெரும்பாலானவர்களுக்கு ஞாபகத்தில் இருப்பதில்லை. கைக்குழந்தைக்கு மதுரையும் ஒன்றுதான், மேடவாக்கமும் ஒன்றுதான். அதற்காகப் போகக்கூடாது என்றில்லை. மொட்டை போடணும், வேண்டுதல் இருக்கிறது, பாட்டிக்கு ஆசை, உங்களுக்கே ஊர் பார்க்க ஆசை என்றால் தாராளமாகக் கிளம்புங்கள். உங்களுக்காகப் போகிறீர்கள் என்று தெரிந்து போங்கள். "இவ்வளவு செலவு பண்ணிக் கூட்டிட்டு வந்தா தூங்கிட்டே இருக்கியே" என்று ஒன்றரை வயதுக் குழந்தையைக் கோபித்துக்கொள்ள வேண்டியிருக்காது. பிள்ளைக்கே ஊர் காட்ட வேண்டும் என்றால் நாலு, ஐந்து வயது ஆகட்டும்.

நம்பிக்கை: ராத்திரி பஸ் ஏறினால் பிள்ளை தூங்கிவிடும், விடிந்தால் மதுரை

தென்மாவட்டப் பேருந்துகள் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் முனையத்துக்கு மாறிய பிறகு, இந்த யோசனை நம் பகுதியில் இன்னும் பலமாகிவிட்டது. கோயம்பேடு வரை நொந்து போக வேண்டாம்; மாம்பாக்கம் வழியாகப் போனால் கிளாம்பாக்கம் பக்கம்தான். உண்மை.

தூங்கும் என்பதுதான் உண்மையில்லை. நள்ளிரவு தாண்டி நெடுஞ்சாலை உணவகத்தில் வண்டி நிற்கும், விளக்குகள் எரியும், சினிமாப் பாட்டு அலறும். அரைத் தூக்கத்தில் எழுந்த பிள்ளை அங்கே பிஸ்கட் கேட்டு ஆரம்பித்தால் திண்டுக்கல் வரை அடங்காது. விடியுமுன் மாட்டுத்தாவணியில் இறங்குவீர்கள். பல விடுதிகளில் பகல் 12 மணிக்குத்தான் அறை. முன்னதாக வேண்டுமென்றால் ஒரு நாள் வாடகை கூடுதல். பல் தேய்க்காத பிள்ளையோடு வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருப்பதுதான் பலருக்கு மதுரையின் முதல் காட்சி.

சின்னப் பிள்ளைகளுக்குப் பகல் ரயில்தான் சரி, அதுவும் நமக்குத் தாம்பரத்திலேயே கிடைக்கிறது. 1977 முதல் ஓடும் வைகை எக்ஸ்பிரஸ், 2019இல் வந்த தேஜஸ், 2024 ஆகஸ்ட் 31 அன்று தொடங்கிய நாகர்கோவில் வந்தே பாரத் மூன்றுமே தாம்பரத்தில் நிற்கின்றன. வந்தே பாரத் ஐந்தேகால் மணி நேரம் போலத்தான் எடுக்கும். ஆனால் விடியற்காலை ஐந்தரைக்குள் தாம்பரத்தில் நிற்க வேண்டும். அந்நேரத்தில் கேம்ப் ரோடு காலியாகக் கிடக்கும் என்பது ஒரு லாபம். வைகை பிற்பகலில் கிளம்பி இரவு ஒன்பதுக்கு மேல் சேர்க்கும். மெதுவானதுதான், ஆனாலும் என் ஓட்டு அதற்கே. மத்தியானச் சாப்பாடு வீட்டிலேயே முடியும். பிள்ளை வண்டியில் கொஞ்சம் தூங்கும். விழித்ததும் காவிரி, கொள்ளிடம் பாலங்கள் வரும். மதுரையில் இறங்கி இட்லி சாப்பிட்டு நேரே படுக்கைதான்.

நம்பிக்கை: பன்னிரண்டு வயதுவரை அரை டிக்கெட்

பழைய கணக்கு. ரயிலில் ஐந்து வயதுக்குக் கீழே இலவசம், தனி இடம் கிடையாது. ஐந்து முதல் பன்னிரண்டுக்குள் இருக்கும் பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்டால் 2016 ஏப்ரல் முதல் முழுக் கட்டணம். படுக்கை வேண்டாம் என்றால்தான் பாதி. உட்கார்ந்து போகும் முன்பதிவுப் பெட்டிகளில் அந்தப் பாதியும் இல்லை. அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் இல்லை என்று 2022 மே மாதம் அறிவித்தார்கள். அதற்கு மேல் பன்னிரண்டு வரை அரை டிக்கெட். பட்ஜெட் போடும்போதே இதைச் சேர்த்துவிட்டால் கடைசி நேரத்தில் முகம் சுருங்காது.

நம்பிக்கை: கோயிலில் சின்னப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

இந்த ஒன்றுக்காகத்தான் நான் எழுதவே உட்கார்ந்தேன். மீனாட்சி அம்மன் கோயில் பிள்ளைகளுக்குச் சலிப்பூட்டும் என்பவர்கள் அதைப் பெரியவர்களின் வரிசையில் நின்று பார்த்தவர்கள்.

தெற்குக் கோபுரம் சுமார் 170 அடி உயரம், கோபுரங்களில் அதுதான் பெரியது. அதை அண்ணாந்து பார்த்து நாம் வாய் பிளப்போம். ஐந்து வயதுப் பையன் ஒரு நொடி பார்த்துவிட்டு, தரையில் சிந்திய சர்க்கரைப் பொங்கலை நோக்கிப் போகும் எறும்பு வரிசையில் உட்கார்ந்துவிடுவான். பரவாயில்லை, விடுங்கள். தூணில் இருக்கும் யாளியின் நகம் அவன் கைக்கு எட்டும். தடவிப் பார்த்து, இது சிங்கமா யானையா என்று கேட்பான். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டே போனால் அரை மணி நேரம் ஓடிவிடும்.

அவனுக்கு வேண்டியது வரலாறு இல்லை, கதை. பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடல்கள் 64. அதில் ஒன்றை ரயிலிலேயே சொல்லிவிடுங்கள். எல்லாம் வல்ல சித்தராக வந்த சிவன் கல் யானைக்குக் கரும்பு கொடுக்க, அது துதிக்கையை நீட்டி வாங்கித் தின்றதோடு பாண்டிய ராஜாவின் முத்து மாலையையும் பறித்துக்கொண்ட கதை. பிறகு சுவாமி சன்னதிப் பிரகாரத்தில் சித்தரைக் காட்டி, இவர்தான் என்றால் போதும். கரும்பு எங்கே, மாலை எங்கே, யானை திரும்பக் கொடுத்ததா என்று விசாரணை தொடங்கிவிடும்.

முக்குறுணி விநாயகரும் அப்படியே. அந்தப் பிள்ளையாருக்கு விநாயகர் சதுர்த்தியன்று 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்கிறார்கள் என்று சொல்லிப் பாருங்கள். அன்று முழுக்க வேறு பேச்சு இருக்காது. ஆயிரங்கால் மண்டபத்தில் உண்மையில் 985 தூண்கள்தான். எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு மீதி பதினைந்து எங்கே என்பது நல்ல புதிர். கிளிக்கூட்டு மண்டபத்தில் மட்டும் ஜாக்கிரதை: பேரில்தான் கிளி இருக்கிறது, கூண்டில் இல்லை. முன்கூட்டியே சொல்லிவிட்டால் அழுகை மிச்சம்.

கர்ப்பகிரக வரிசை இரண்டு மணி நேரம் என்று தெரிந்தால், வீட்டுப் பெரியவர்களை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் பிள்ளையோடு பொற்றாமரைக் குளத்துப் படியருகே உட்காருங்கள். பாட்டி முறைத்தால் பதில் அவரிடமே இருக்கிறது: கோபுர தரிசனம் கோடி புண்ணியம்.

கைபேசிக்கு உள்ளே அனுமதி இல்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததைத் தொடர்ந்து உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை பிறப்பித்த தடை அது. வீடியோ எடுக்க முடியவில்லையே என்று வருந்துகிறவர்கள் இன்னொன்றை மறந்துவிடுகிறார்கள். கூட்டத்தில் பிள்ளை தவறினால் என்ன செய்வது என்று சட்டைப்பையில் அப்பாவின் எண்ணை எழுதி வைக்கிறோம். அப்பாவின் போன் வாசலில் டோக்கன் போட்டு உறங்கிக்கொண்டிருக்கும். வெளியே தங்கும் ஒருவரின் எண்ணை எழுதுங்கள். நுழைந்தவுடன் ஓர் இடத்தைக் காட்டி, காணாமல் போனால் இங்கே வந்து நில் என்று சொல்லி வையுங்கள். ஸ்ட்ரோலர் வேண்டாம். படியும் வாசற்படிக் கல்லுமான இடத்தில் அதைத் தூக்கிக்கொண்டு நடப்பது நீங்கள்தான். இடுப்பே உத்தமம்.

நம்பிக்கை: ஒரு பகல் போதும், அப்படியே ராமேஸ்வரமும் கொடைக்கானலும்

மதுரை பிள்ளைகளுக்கு ஒத்துவராது என்று திரும்பி வந்து சொல்கிறவர்களை விசாரித்தால், பாதிப் பேர் இந்த வகை. மூன்று நாளில் மூன்று ஊர். ராமேஸ்வரம் மதுரையிலிருந்து சுமார் 170 கி.மீ., கொடைக்கானல் 115 கி.மீ.க்கு மேல், அதில் மலைப்பாதை வேறு. பிள்ளை வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்துவிட்டு, கடைசியில் பழி மதுரை மேல் விழுகிறது.

மதுரையில் மட்டும் இரண்டு இரவு தங்குங்கள். கோயில் பகல் பன்னிரண்டரை வாக்கில் நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறக்கும். அந்த நேரத்தில் வெளியே கற்தரை காலைச் சுடும். செருப்பில்லாத பிள்ளை தவளையாகத் தாவும். காலை எட்டுக்குள் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று பிரித்துக்கொண்டால் போதும். மதியத்துக்குத் தூக்கம், அல்லது புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம். கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துக்குப் போய்ப் பழகிய பிள்ளைகளுக்கு அது புரியும். குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு, ஏசி, காசில்லை.

ஏழு, எட்டு வயதுப் பிள்ளை இருந்தால் கீழடிக்கு ஒரு நடை போகலாம். 2023 மார்ச்சில் திறந்த அருங்காட்சியகம், நகரிலிருந்து 12 கி.மீ. போல. இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய பகடைக்காயும் ஆட்டச் சில்லும் சுடுமண் பொம்மையும் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. திருமலை நாயக்கர் மகாலின் ஒலி-ஒளிக் காட்சியை ஐந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நான் சிபாரிசு செய்யமாட்டேன். இருட்டிய பிறகுதான் நடக்கும், பிள்ளை மடியில் தூங்கிவிடும். பகலில் மகாலுக்குப் போனால் அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடுவார்கள், காவலாளி அதட்டும்வரை.

மதுரையில் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே பிடிக்கும் இடம் எந்தப் பட்டியலிலும் வராது. கோயிலைச் சுற்றிய சித்திரை வீதிகள்தான். வண்டிகளுக்கு அனுமதி இல்லை. சாயங்காலம் ஊரே அங்கே வந்து மதிலோரம் உட்கார்ந்துவிடும். பலூன், சோப்பு நுரைக் குமிழி, சுண்டல், பிள்ளைகள் கையை விட்டு ஓடலாம். ஹாரனுக்குப் பயந்து மணிக்கட்டைப் பிடித்தே மேடவாக்கம் கூட்ரோட்டைக் கடந்து பழகிய நமக்கு, இது ஒன்றே டிக்கெட் காசு.

நம்பிக்கை: சித்திரைத் திருவிழாவில் பச்சிளம் குழந்தைகளோடு போவது ஆபத்து

சரிதான். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஆனால் 2022 ஏப்ரலில் அந்த நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள். மதுரைக்காரர்கள் தோளில் பிள்ளையோடு நிற்கிறார்களே என்று கேட்காதீர்கள். எந்தச் சந்தில் ஒதுங்கலாம் என்று அவர்களுக்குத் தெரியும். போதாக்குறைக்கு அந்த மாதத்தில் வெயில் 40 டிகிரி வரை போகும்.

விழாதான் வேண்டும் என்றால் நவராத்திரிக்குப் போகலாம். கோயிலுக்குள்ளேயே கொலு வைப்பார்கள், திருவிளையாடல் கதைகள் பொம்மைகளாக நிற்கும். பல வருடங்களில் காலாண்டு விடுமுறையும் அதையொட்டியே வரும்.

நம்பிக்கை: சாப்பாடு பிரச்சினை

தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கு இதைவிடச் சுலபமாகச் சாப்பாடு கிடைக்கும் ஊர் எது என்று எனக்குத் தெரியவில்லை. நடுராத்திரியிலும் ஆவி பறக்கும் இட்லி. ஜிகர்தண்டாவை மட்டும் முதல் நாளே வாங்கித் தராதீர்கள். பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமும் ஒன்றாகப் போய் வயிறு கலங்கினால் மிச்ச நாள் அறையில்தான். கிளம்பும் நாளில் ஒரு டம்ளரை இரண்டாகப் பிரித்துக் கொடுங்கள்.

இவ்வளவும் கேட்டு, சரி போகலாம் என்று முடிவானால் ரயில் முன்பதிவு 2024 நவம்பர் முதல் 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது. செப்டம்பர் கடைசி வாரத்துக்கு ஜூலை கடைசியிலேயே காலை எட்டு மணிக்கு உட்கார வேண்டும். ஆகஸ்டில் நினைவு வந்தால் நாலு பேருக்கு நாலு பெட்டியில் இடம் கிடைக்கும். ஜன்னலோரத்துக்கு இரண்டு பிள்ளைகளும் சண்டை போடுவார்கள், அதனால் இரண்டு ஜன்னல் வருகிறதா என்று பார்த்துப் பதிவு செய்யுங்கள்.