நிழலில்லா நாளில் ஒரு ரோல் பிலிம்

ஏப்ரல் 24, 25 வாக்கில், பகல் 12.17-க்கு, பெங்களூரில் ஒரு கம்பை நேராக நட்டு வைத்தால் அதற்கு நிழல் விழாது. சூரியன் உச்சிக்கு நேர்மேலே நிற்கும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது வேடிக்கை. பிலிம் கேமராவோடு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு கிளம்புகிறவருக்குத் தலைவலி. அந்த வெயிலில் எடுத்த படத்தில் நெற்றியும் மூக்கும் பளபளக்கும், கண்கள் இரண்டும் கருங்குழியாகிவிடும். அதனால் கோடையில் 'எங்கே போகலாம்' என்று தொடங்காதீர்கள். காலை ஒன்பதரைக்குள் எங்கே, நடுப்பகலில் எந்தக் கூரைக்குக் கீழே, நாலு மணிக்கு மேல் எங்கே? இந்த மூன்றுக்கும் பதில் இருக்கிற சாலையைப் பிடியுங்கள்.

பலரும் சொல்வது நந்தி மலை. விடுமுறை நாளில் அங்கே சூரியோதயத்தைவிட முன்னால் நிற்பவரின் முதுகுதான் அதிகம் தெரியும். அந்தப் பக்கம்தான் போக வேண்டுமென்றால், அடிவாரத்துப் போக நந்தீஸ்வரர் கோயில் குளத்துப் படிக்கட்டு போதும். என் ஓட்டு மைசூர் சாலைக்கு.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பீரோவிலிருக்கும் கேமராவை வெளியே எடுங்கள். பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தால் வினிகர் தொட்ட பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். லென்ஸ் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள், சிலந்திவலைபோல் தெரிந்தால் பூஞ்சை. பின்கதவின் ஓரத்திலுள்ள கறுப்புப் பஞ்சுப் பட்டை பிசுபிசுத்து உதிர்ந்தால் வெளிச்சம் உள்ளே கசியும். பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிவிடலாம்.

பிலிம்: வெயில் காலம்தானே என்று ஐ.எஸ்.ஓ. 200 வாங்கத் தோன்றும். இந்தப் பயணத்துக்கு 400 வாங்குங்கள், மதியம் பொம்மைப் பட்டறைக்குள் நுழையப் போகிறோம். ஊட்டியில் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 'இந்து' பிலிம் தயாரித்த காலம் போய்விட்டது. இன்று கடையில் இருப்பது பெரும்பாலும் இறக்குமதி, விலையும் அப்படித்தான். ஆகவே ஆளுக்கு ஒரு ரோல் வேண்டாம், குடும்பத்துக்கே ஒன்று. 36 படத்தில் காலைக்குப் பன்னிரண்டு, மதியத்துக்கு எட்டு, மாலைக்குப் பத்து. மிச்சம் ஆறும் பிள்ளைகளுக்கு. அதில் தலையிடாதீர்கள்.

ரோலை நிழலில் வைத்து மாட்டுங்கள். மாட்டியபின் ரீவைண்ட் குமிழைத் திருப்பி லேசாக இறுக்கிவிட்டு, அடுத்த படத்துக்கு லீவரைத் தள்ளுங்கள். குமிழும் கூடவே சுற்றினால்தான் பிலிம் ஓடுகிறது என்று அர்த்தம். சுற்றாவிட்டால் நாள் முழுக்க வெறுங்கேமராவில் சொடுக்கிக்கொண்டிருப்பீர்கள்.

காலை ஐந்துக்குக் கிளம்பி, தொலைவில் இருப்பதை முதலில் பாருங்கள். ருத்ராக்ஷிபுராவில் பிரிந்தால் கொக்கரே பெள்ளூர். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் புளியமரத்தில் கூடு கட்டுகிற கிராமம். ரங்கனதிட்டு சரணாலயத்தில் பறவை எடுக்க நீளமான லென்ஸ் வேண்டும். இங்கே 50 மி.மீ. லென்ஸிலேயே மரம், கூடு, கீழே நிற்கும் உங்கள் பிள்ளை எல்லாம் அடங்கும். ஏப்ரலிலேயே போய்விடுங்கள், மே பிற்பாதியில் குஞ்சுகள் பல பறந்திருக்கும். ஏழு மணி வெயிலுக்கு 400 பிலிமில் எஃப் 8, ஷட்டர் 1/500 சரியாக இருக்கும். முகம் முக்கியமென்றால் துளையை ஒரு படி கூடுதலாகத் திறங்கள். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அந்த ஒரு படி அவசியம், கலர் நெகட்டிவ் அதைத் தாங்கும். கிராமத்தார் வீட்டு வாசலில் நிற்கும்போது "போட்டோ தெகீலா?" (எடுக்கட்டுமா?) என்று கன்னடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுங்கள். பறவைக்காகக் கை தட்டுவது, கல் எறிவது கூடவே கூடாது.

பத்து மணிக்கு மத்தூர் வடை. எக்ஸ்பிரஸ் வே மத்தூரையும் சென்னபட்டணாவையும் ராமநகராவையும் ஒதுக்கிவிட்டுப் போகிறது, பழைய சாலையிலேயே திரும்புங்கள். பைக்கில் வருபவர்களுக்கு வேறு வழியும் இல்லை, 2023 ஆகஸ்டிலிருந்து எக்ஸ்பிரஸ் வேயில் இருசக்கர வண்டிக்குத் தடை.

உச்சிவெயிலுக்குச் சென்னபட்டணா பொம்மைப் பட்டறை. கேட்டால் உள்ளே விடுவார்கள். வெப்பாலைக் கட்டை கடைசலில் சுழலும். அதன்மேல் அரக்குக் குச்சியை அழுத்தினால், உரசும் சூட்டிலேயே அரக்கு உருகி நிறம் ஏறும். பிறகு தாழை மடலால் தேய்த்து மெருகு கொடுப்பார்கள். ஜன்னலோரக் கடைசலைத் தேர்ந்தெடுங்கள். எஃப் 2.8, 1/60, கேமராவைத் தூணோடு சாய்த்துப் பிடியுங்கள். லைட் மீட்டர் இல்லையென்றால் செல்போன் ஆப் போதும். யாஷிகா எம்எஃப்-2 போன்ற ஃபோகஸ் திருப்ப முடியாத கேமராவாக இருந்தால் ஃபிளாஷைப் போட்டு, ஒன்றரை மீட்டராவது தள்ளி நில்லுங்கள்.

இதற்கிடையே கேமராவைப் பூட்டிய காரில் விடாதீர்கள். சூட்டில் பிலிமின் நிறம் கெடும். ஐஸ் பெட்டியிலும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். துணிப்பையில் உங்களோடு வரட்டும். ஒரு பிளாஸ்டிக் உறையும் எடுத்துக்கொள்ளுங்கள், மாலையில் இடியோடு மாம்பழ மழை வரக்கூடும். பெய்து ஓய்ந்த அரைமணி நேர வெளிச்சத்துக்கு நாலு படம் ஒதுக்கினால் நஷ்டமில்லை.

தயிர்சாதம் முடித்து, நாலு மணிக்கு ஜானபத லோகா. எச்.எல். நாகேகௌடா உருவாக்கிய நாட்டுப்புறக் கலை வளாகம். தோல்பாவை, ஏர், உரல், மரநிழல் எல்லாம் உண்டு, பாட்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கதை சொல்லுவார். மாலை வெயிலைப் பாட்டியின் பக்கவாட்டில் வாங்கி எடுங்கள். நேரம் இருந்தால் திரும்பும் வழியில் ராமநகராவின் பாறைகள். 1975-இல் வந்த 'ஷோலே' படத்தின் பாறைகள் என்று சொன்னால் தாத்தா தானாகவே போஸ் கொடுப்பார்.

36 முடிந்ததும் பின்கதவைத் திறக்கக் கூடாது. கேமராவின் அடியிலுள்ள சிறு பொத்தானை அமுக்கிக்கொண்டு, குமிழ் இலகுவாகச் சுற்றும்வரை பிலிமைச் சுருட்டுங்கள். அந்த வாரமே கழுவக் கொடுங்கள். கலர் நெகட்டிவ் கழுவும் முறையின் பெயரான 'சி-41' என்று சொல்லி, ஸ்கேனோடு நெகட்டிவும் திரும்ப வேண்டுமென்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நெகட்டிவ் வந்ததும் உறையின்மேல் ஊர், தேதி, படத்தில் இருப்பவர்கள் பெயர் எழுதி, காற்றோட்டமான அலமாரியில் வையுங்கள், பரணில் வேண்டாம்.