தகட்டில் முதலில், பெட்டிக்குள் பிறகு

வீட்டிலேயே சிஎன்சி ரூட்டர் கட்டுகிறவர்கள் ரெயிலுக்கும் பால்ஸ்குரூவுக்கும் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். கன்ட்ரோல் பெட்டி என்று வந்ததும் அவசரம் பிடித்துக்கொள்ளும். போர்டுகளை டபுள் டேப்பில் ஒட்டி, மோட்டார் சுற்றினால் போதும் என்றாகிவிடும். டிரைவர் சூட்டில் அந்த டேப் இளகும். க்ளூ கன் பசையும் அப்படித்தான். பெட்டியில் இருக்கும் எந்த போர்டும் ஒருநாள் வெளியே வந்தாக வேண்டும். எப்படிக் கழற்றுவது என்று முடிவு செய்துவிட்டுத்தான் நான் மாட்டவே தொடங்குவேன்.

பெட்டியின் சுவரில் நேராகத் துளை போடுவதில்லை. உள்ளே இறங்குகிற அளவுக்கு 3 மி.மீ. அலுமினியத் தகடு ஒன்றைத் தனியாக வெட்டிக்கொள்கிறேன். எஸ்எம்பிஎஸ், டிரைவர்கள், ஆர்டுயினோ, ரிலே எல்லாம் அதன் மேல்தான். மேசையில் வைத்து வயரிங் முடித்து, மோட்டாரை ஓட்டிப் பார்த்துவிட்டு, மொத்தமாக உள்ளே இறக்கி மூலைக்கு ஒரு போல்ட். பழைய கம்ப்யூட்டர் கேபினட்டைப் பெட்டியாக்குகிறவர்களுக்குக் கொஞ்சம் அதிர்ஷ்டம்: சில மாடல்களில் மதர்போர்டு தட்டு தனியே கழன்று வரும். ப்ளைவுட் துண்டிலும் மாட்டலாம்தான். ஆனால் அது டிரைவரின் சூட்டை வாங்காது, எர்த் கொடுக்கவும் உதவாது.

தகட்டின் பின்பக்கம் நட் போடாதீர்கள். ஒரு போர்டைக் கழற்ற முழுத் தகட்டையும் தூக்க வேண்டிவரும். எம்3 ஸ்க்ரூவுக்கு 2.5 மி.மீ. துளை போட்டு டேப் அடித்தால், 3 மி.மீ. தகட்டில் ஆறு மரை கிடைக்கும். இந்தப் போர்டுகளின் எடைக்கு அது தாராளம்.

துளை குறிக்க ஸ்கேலை நான் நம்புவதில்லை. போர்டையே தாளில் வைத்து, துளைகளைக் கூர்மையான பென்சிலால் குறித்து, அந்தத் தாளைத் தகட்டில் ஒட்டி சென்டர் பஞ்ச் அடித்துவிடுவேன். ஆர்டுயினோ ஊனோவுக்கு இது ரொம்பவே அவசியம். அதன் நான்கு துளைகளும் சதுரமாகவோ செவ்வகமாகவோ அமையாது. போதாததற்கு ஒரு துளை பின் ஹெடரை ஒட்டியே இருக்கும். சாதாரண எம்3 ஸ்க்ரூவின் தலை அங்கே இடிக்கும். அந்த ஒன்றுக்கு மட்டும் சின்னத் தலை ஸ்க்ரூ வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேசர் விஷயத்தில் நான் கறார். போர்டின் அடியில் சால்டர் முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும், அதற்குக் கீழே உலோகத் தகடு. 5 மி.மீ. இடைவெளியே போதும் என்று தோன்றும். ஆனால் அலுமினியம் வெட்டுகிற மெஷினுக்குப் பக்கத்தில் இருக்கும் பெட்டி இது. ஒரு சீவல் உள்ளே புகுந்தால் போதும், போர்டு புகைந்துவிடும். அதனால் குறைந்தது 10 மி.மீ. சென்னை ரிச்சி தெருவில் எம்3 பித்தளை ஸ்பேசர் எளிதாகக் கிடைக்கும். கூடவே நைலான் வாஷரும் வாங்கிவிடுங்கள். துளையின் விளிம்பை ஒட்டி டிராக் ஓடும் போர்டுகளில் ஸ்க்ரூ தலைக்கும் ஸ்பேசருக்கும் வாஷர் இல்லாமல் முடுக்கக் கூடாது. இரண்டு துளையில் மட்டும் ஸ்க்ரூ போட்டு நிறுத்துவதும் வேண்டாம். யுஎஸ்பி கேபிளைச் செருகும்போதெல்லாம் போர்டு வளையும், சால்டர் விட்டுப்போகும். அதிர்வில் கழலாமலிருக்க நீல நிற திரெட் லாக் ஒரு சொட்டு உலோகத்துக்கு நல்லது. அக்ரிலிக் தகட்டில் மட்டும் அதைத் தொடவே கூடாது, விரிசல் விடும்.

டிபி6600 போன்ற டிரைவர்களை ஹீட்சிங்க்கின் மடிப்புகள் செங்குத்தாக நிற்கும்படி மாட்டினால், சூடான காற்று தானாக மேலே போகும். ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவே இரண்டு விரல் இடம். 230 வோல்ட் ஒரு ஓரம், ஆர்டுயினோ எதிர் ஓரம். லிமிட் சுவிட்ச் வயரை மோட்டார் வயரோடு சேர்த்துக் கட்டினால் காரணமே இல்லாமல் அலாரம் அடித்து மெஷின் நிற்கும்; பிறகு சாஃப்ட்வேரைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மின்விசிறி காற்றை வெளியே இழுக்காமல், ஃபில்டர் வழியாக உள்ளே தள்ளட்டும். பெட்டிக்குள் காற்றழுத்தம் கொஞ்சம் கூடியிருந்தால் எம்டிஎஃப் தூள் சந்துபொந்து வழியாக நுழையாது. கேபிள்கள் அடிப்பக்கமாக, கிளாண்ட் போட்டு வரட்டும். திறந்த ஓட்டை என்றால் நம்ம ஊரில் பல்லி குடியேறிவிடும். அது டெர்மினல்களுக்கு நடுவே ஏறினால் என்ன ஆகும் என்று எலக்ட்ரீஷியன்களைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள்.

எர்த் வயர் இணைக்கும் இடத்தில் பெட்டியின் பெயின்டைச் சுரண்டி, ஸ்டார் வாஷர் வைத்து முடுக்குங்கள். தகட்டுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று. கதவின் கீலை எர்த் இணைப்பாக நம்பக் கூடாது. பெட்டிக்குள் வரும் வயர்களில், தகட்டைக் கழற்றித் திருப்பிப் பார்க்கிற அளவுக்கு நீளம் விட்டு வையுங்கள்.