விதைப்பூச்சு இயந்திரத்தில் மிகைத் திரவம்

விதைக்கு மருந்திடும் வழக்கம் புதிதன்று. கோதுமை மணியின் உள்ளீட்டைக் கரும்பொடியாக்கும் நோய், விதைமேல் ஒட்டிய அக்கருந்தூளாலேயே தொற்றுகின்றது என்பதைத் தில்லே என்னும் பிரெஞ்சு அறிஞர் 1755-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அத்தூள் ஒருவகைக் காளானின் வித்தென்றும், செம்புக் கரைசல் அது முளையாவண்ணம் தடுக்குமென்றும் 1807-இல் பிரெவோ என்பார் நிறுவினார். அந்நாளில் விதையைக் கரைசலில் அமிழ்த்தி, வடித்து, உலர்த்தினர். இந்நாளில் இயந்திரங்கள் வந்துள்ளன; ஒரு கிலோ விதைக்குச் சில மில்லிலிட்டர் திரவமே போதுமானதாகின்றது. ஆயினும் அச்சிறு அளவும் மிகுமாயின் விளையும் கேடு பெரிது. மிகைத் திரவம் எங்ஙனம் உண்டாகின்றது, அதனை எங்ஙனம் தடுப்பது, மிஞ்சியதை யாது செய்வது என்னும் மூன்றையும் ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் இயந்திரத்தின் அமைப்பைக் காண்போம். மேலேயுள்ள கொப்பரையினின்று விதை ஒரு கூம்பின்மேல் விழுந்து, நாற்புறமும் மெல்லிய திரைபோல் இறங்கும். அத்திரையின் நடுவே விரைந்து சுழலும் தட்டொன்று, பம்பு தரும் மருந்தைச் சிறு துளிகளாகச் சிதறும். துளிபட்ட விதைகள் உருளையொன்றனுட் புகுந்து, ஒன்றோடொன்று உராய்ந்து, மருந்தைத் தம்முட் பகிர்ந்துகொண்டு வெளியேறும். எனவே இரண்டு ஓட்டங்கள் இங்கே உள. ஒன்று விதையோட்டம், மற்றொன்று மருந்தோட்டம். இவ்விரண்டும் இணங்கிச் செல்லும்வரை மிகை என்பதில்லை. இணக்கம் கெட்டவிடத்தே மிகை பிறக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். நிமிடத்துக்கு 10 கிலோ விதை செல்லும் இயந்திரத்தில், கிலோவுக்கு 5 மில்லிலிட்டர் மருந்துக் கலவை வேண்டுமெனின், பம்பு நிமிடத்துக்கு 50 மில்லிலிட்டர் தருதல் வேண்டும். கொப்பரையின் வாயிற் சாக்குநூல் ஒன்று சிக்கி விதையோட்டம் 5 கிலோவாகக் குறைந்ததென்க. பம்பு இதனை அறியாது, முன்போலவே ஓடும். அப்பொழுது கிலோவொன்றுக்கு 10 மில்லிலிட்டர், அதாவது இருமடங்கு, சென்றுவிடும். விதை முற்றிலும் நின்று பம்பு மட்டும் அரை நிமிடம் ஓடினாலோ, 25 மில்லிலிட்டர் உருளையின் அடியில் தேங்கி, அடுத்து வரும் விதைமேல் ஏறும். மூட்டையைத் தைத்துவிட்டபின் அவ்வேறுபாட்டை யார் காண்பார்?

வேறு காரணங்களும் உள. விதையோடு தூசியும் பதரும் கலந்திருப்பின், அவை மருந்தை உறிஞ்சிக் களிபோலாகி உருளைச் சுவரிற் படியும். சுழல்தட்டுத் தேய்ந்தால் துளி பெரிதாகும். பெருந்துளி விழுந்த விதை நனைய, அயல்விதை வறிதே செல்லும். தொட்டியைக் கலக்காது விட்டால் மருந்து அடியிற் படிந்து, ஒருபொழுது நீர்த்தும் ஒருபொழுது செறிந்தும் வரும். குளிர்ந்த காலையிற் கலவை தடித்து, வெயிலேறிய பின் இளகுவதால், காலையில் அமைத்த அளவு நண்பகலிற் பொருந்தாமற் போதலும் உண்டு.

மிகையின் விளைவு யாது? நூற்றுக்கு 12 பங்கு ஈரமுள்ள நெல்விதை ஒரு கிலோவில் நீர் 120 கிராம். அதனோடு 5 கிராம் நீர் சேர்ந்தால் ஈரம் நூற்றுக்கு ஏறக்குறைய 12.4 ஆகும், 20 கிராம் சேர்ந்தாலோ 13.7 ஆகும். சாதாரணச் சாக்கில் வைக்கும் நெல்விதைக்கு இந்திய விதைச் சான்றளிப்பு முறை இசையும் உச்ச எல்லை 13 ஆகும். ஆகவே, உலர்த்திக் காத்த உழைப்பெல்லாம் ஒரு நிமிட அசட்டையால் வீணாகின்றது. ஈர விதை கட்டியாகும், பூசணம் பிடிக்கும், முளைப்புத்திறன் குன்றும், விதைக்கும் கருவியிற் சீராக ஓடாது. மருந்தும் மிகுமாயின் முளையையே நலியச் செய்தல் கூடும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சென்பர்; நஞ்சே அளவுக்கு மிஞ்சினால் சொல்லவும் வேண்டுமோ?

தடுக்கும் முறைகள் எளியன. முதலாவது, வேலை தொடங்குமுன் ஒரு நிமிடம் விழும் விதையைப் பிடித்து நிறுத்தலும், ஒரு நிமிடம் வரும் மருந்தை அளவுக் குவளையில் ஏந்தி அளத்தலும் வேண்டும். ஒருமுறை போதாது, மும்முறை அளந்து சராசரி காண்க. இரண்டாவது, விதை வருமுன் மருந்து வரலாகாது. விதை நின்றபின் மருந்து ஓடலாகாது. விதை நின்றவுடன் பம்பும் தானே நிற்குமாறு உணர்கருவி பொருத்துதல் சாலச் சிறந்தது. மூன்றாவது, விதையை முன்னரே தூற்றிச் சலித்துத் தூசி நீக்குக. நான்காவது, நாள் முடிவிற் செலவான மருந்தைப் பூசிய விதையின் எடையால் வகுத்துப் பார்க்க. கணக்குப் பொய் சொல்லாது.

இவ்வளவு காத்தும் மிஞ்சினால், நனைந்த விதையைத் தனியே பிரித்து, நிழலிற் காற்றோட்டமாக மெல்லிதாய்ப் பரப்பி உலர்த்துக, கட்டிகளை நீக்குக. கீழே வடிந்ததைத் தட்டில் ஏந்திப் பெயர் எழுதிய கலத்திற் காக்க. இயந்திரம் கழுவிய நீரைச் சிறிதளவாகக் கொண்டு, அதே மருந்தின் அடுத்த கலவைக்கு நீராகப் பயன்படுத்துக. வாய்க்காலிலும் கிணற்றருகிலும் ஊற்றுதல் பெருந்தீங்கு. கையுறையின்றி இவற்றைத் தொடலாகாது.

இவை வெறும் எச்சரிக்கையல்ல. ஈராக் நாட்டில் 1971-72-இல் பாதரச மருந்து பூசிய விதைத் தானியத்தை மக்கள் உணவாக்கிக்கொண்டனர். செந்நிறச் சாயத்தைக் கழுவினால் நஞ்சும் போயிற்றென்று சிலர் நம்பினர். மருத்துவமனைகளில் மட்டும் 459 பேர் மாண்டதாகப் பதிவாயிற்று. ஜெர்மனியின் தென்மேற்கில் 2008-இல் மக்காச்சோள விதையிற் செவ்வனே பற்றாத பூச்சு, விதைக்கும்பொழுது தூளாகிப் பறந்து எண்ணிறந்த தேனீக்களைக் கொன்றது. மிகையாகத் தடித்துக் காய்ந்த பூச்சும் இவ்வாறே உதிரும் இயல்பினது.

மாணவர் இதனைத் தாமே சோதிக்கலாம். மருந்து வேண்டா, சாயநீர் போதும். இரு மூடிய டப்பாக்களில் ஒவ்வொரு கிலோ தட்டைப்பயறு இட்டு, ஒன்றில் 5 மில்லிலிட்டரும் மற்றொன்றில் 30 மில்லிலிட்டரும் ஊற்றி, இரண்டு நிமிடம் உருட்டுக. பின்பு இரண்டையும் ஒரு வாரம் மூடிவைத்து, நூறு நூறு விதை எண்ணி முளைக்க இடுக. காணும் வேறுபாட்டைக் குறித்துக்கொள்க.

சாக்கை அவிழ்த்து விதைக்கும் உழவன் நம் இயந்திரத்தைக் கண்டதில்லை. அது நின்றதையும் வழிந்ததையும் அறியான். ஓர் ஆண்டின் உழைப்பை அவ்விதையை நம்பியே மண்ணில் இடுகின்றான். அளவுக் குவளையை ஏந்தி நிற்பவன் அதனை மறவாதிருத்தல் கடன்.