ரெக்கார்டிங்கில் ‘டப் டப்’ சத்தமா? பிராசஸர் வேகத்தைக் கவனியுங்கள்

கம்ப்யூட்டரில் மைக் இணைத்துப் பாட்டோ பேச்சோ பதிவு செய்து பார்த்திருக்கிறீர்களா? திரும்பக் கேட்கையில் நடுநடுவே ‘டப்’ என்று ஒரு சத்தம் வரும். சில இடங்களில் குரல் அறுந்து போயிருக்கும்.

என் பாட்டியின் தாலாட்டை லேப்டாப்பில் பதிவு செய்தபோது எனக்கும் இதே தொல்லை வந்தது. மைக்கைச் சந்தேகப்பட்டேன். புது கேபிள்கூட வாங்கினேன். பயனில்லை. டாஸ்க் மேனேஜரில் பார்த்தால், பிராசஸர் பயன்பாடு 10 சதவீதத்தைத் தாண்டவில்லை. வேலையே இல்லாத பிராசஸர் எப்படித் திணறும்? வேலை குறைவாக இருந்ததுதான் பிரச்சினையே!

மின்சாரத்தை மிச்சப்படுத்த, வேலை குறைந்தவுடன் பிராசஸர் தன் வேகத்தைத் தானே குறைத்துக் கொள்ளும். லேப்டாப்பில் இது 1 கிகா ஹெர்ட்ஸுக்குக் கீழேகூட இறங்கும். கடிதம் டைப் செய்கையில் உங்களுக்கு இது தெரியவே தெரியாது. ஒலி அப்படியல்ல. சிடி தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள்கள் வருகின்றன. இவை ‘பஃபர்’ என்னும் சிறு தொகுப்புகளாகக் கையாளப்படுகின்றன. நான் 128 சாம்பிள் பஃபர் வைத்திருந்தேன். அப்படியென்றால் ஒவ்வொரு தொகுப்பையும் 2.9 மில்லி செகண்டுக்குள் முடித்தாக வேண்டும். பிராசஸர் ஒரே ஒரு முறை தாமதித்தாலும் ‘டப்’தான். டாஸ்க் மேனேஜர் காட்டுவது சராசரி என்பதால் இந்தத் தாமதம் அதில் தெரியாது.

முதலில் ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் பஃபரை 512 அல்லது 1024 ஆக்குங்கள். உங்கள் குரலையே கம்ப்யூட்டர் வழியாக ஹெட்போனில் கேட்டுக்கொண்டு பாடினால் மட்டுமே சிறிய பஃபர் தேவை. பலருக்கு இதுவே போதும்.

சத்தம் நிற்கவில்லையா? கண்ட்ரோல் பேனலில் ‘ஹார்ட்வேர் அண்ட் சவுண்ட்’ சென்று ‘பவர் ஆப்ஷன்ஸ்’ திறக்கவும். ‘சேஞ்ச் பிளான் செட்டிங்ஸ்’, பிறகு ‘சேஞ்ச் அட்வான்ஸ்டு பவர் செட்டிங்ஸ்’ கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் ‘பிராசஸர் பவர் மேனேஜ்மென்ட்’ அருகே உள்ள கூட்டல் குறியை அழுத்தி, ‘மினிமம் பிராசஸர் ஸ்டேட்’ என்பதில் ‘பிளக்டு இன்’ மதிப்பை 100 ஆக மாற்றி ஓகே கொடுக்கவும். பழைய எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். யுஎஸ்பி மைக் என்றால் அதே விண்டோவில் ‘யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்’ வசதியையும் டிஸேபிள் செய்திடலாம்.

சில புதிய லேப்டாப்களில் இந்த வரிகள் தென்படாது. அப்போது விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், பவர் பகுதியில் ‘பவர் மோட்’ என்பதை ‘பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்கவும்.

இனி டாஸ்க் மேனேஜரில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ டேப்பில் ‘ஸ்பீட்’ எண்ணைப் பாருங்கள். முன்புபோல் அடிமட்டத்துக்கு இறங்காது. ஆனால் சூடு ஏறும். லேப்டாப்பை மெத்தை மேல் வைத்தால் காற்று போகாமல் சூடு அதிகமாகி, பிராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள மறுபடி வேகத்தைக் குறைத்துவிடும். அப்புறம் இத்தனையும் வீண். மேசை மேல் வைத்து, சார்ஜரை இணைத்துக்கொண்டு, இரண்டு நிமிடம் சோதனைப் பதிவு செய்து கேட்ட பிறகே பாடுபவரை அழையுங்கள். நான் அதைச் செய்யவில்லை. பாட்டி மறுபடி பாடினார்தான், ஆனால் முதல் தடவை நடுவில் சிரித்துக்கொண்டே பாடிய அந்த இரண்டு வரிகள் வரவேயில்லை.

பதிவு முடிந்ததும் குறித்து வைத்த பழைய எண்ணை மறக்காமல் திரும்பக் கொடுத்துவிடுங்கள்.