பிசிராந்தையார் இல்லமும் பெருஞ்சோழன் நட்பும்

மனிதன் வாழும் உலகம் பெரிது. ஆயினும் அவனுடைய இன்ப துன்பங்களுள் பெரும்பகுதி வீட்டிலும் நண்பரிடத்திலுமே விளைகின்றது. இவ்விரண்டும் ஒன்றற்கொன்று துணையா, பகையா என்னும் வினா கல்லூரிப் பருவத்தில்தான் கூர்மையாக எழும். வீட்டை மறந்து கூட்டாளிகளோடு திரிகிறான் என்பது பெற்றோர் குறை. எங்கள் நட்பின் அருமை வீட்டாருக்குத் தெரியவில்லை என்பது பிள்ளைகள் குறை. வாடிப்பட்டியில் மாலைப் பேருந்துக்குக் காத்து நிற்போர் இவ்விரு குறைகளையும் ஒருங்கே கேட்கலாம். இவ்வினாவுக்கு விடை தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. நம் பாண்டிநாட்டுப் புலவர் ஒருவரின் வாழ்வு புறநானூற்றில் விடையாக நிற்கின்றது.

உ.வே.சாமிநாதையர் 1894-ஆம் ஆண்டு அச்சிட்டு வெளியிட்ட புறநானூற்றில் 212 முதல் 223 வரை அமைந்த பாடல்கள், உறையூரை ஆண்ட கோப்பெருஞ்சோழனைச் சூழ்ந்தவை. அவனுடைய உயிர்த்தோழர் பிசிராந்தையார் பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினர். வாடிப்பட்டி வழியாகச் செல்லும் இருப்புப்பாதை திண்டுக்கல்லைக் கடந்து திருச்சிராப்பள்ளியை அடைகின்றது; உறையூர் இன்று அந்நகரின் ஒரு பகுதி. நமக்குச் சில மணி நேரப் பயணம். அவர்களுக்கோ பல ஆண்டுகள் கழிந்தும் நேரிற் காணக் கிட்டாத தொலைவு. ஒருவர் பெயரை ஒருவர் கேட்டு, குணத்தை உணர்ந்து, அதுவே நட்பாயிற்று. பழகாமலே உணர்ச்சியால் ஒன்றுபடும் நட்பைக் கூறும் குறளுக்கு உரை வகுத்த பரிமேலழகர் இவ்விருவரையே சான்று காட்டுகின்றார். பாரதிதாசன் இவ்வரலாற்றை நாடகமாக எழுதினார். அவர் மறைவுக்குப் பின் 1969-ஆம் ஆண்டு அந்நூலுக்குச் சாகித்திய அக்காதெமிப் பரிசு கிடைத்தது.

இவ்வளவும் நம் மாணவர்கள் தேர்வுக்குப் படித்தனவே. ஆனால் இந்நட்பின் கதைக்குள் மூன்று வீடுகளின் கதையும் கலந்திருப்பதைப் பலரும் நோக்குவதில்லை.

முதலாவது சோழனின் வீடு. அவன் மக்கள் இருவர் தந்தையோடு பகைத்துப் போருக்கு எழுந்தனர். மன்னனும் சினந்து படை திரட்டினான். அப்பொழுது புல்லாற்றூர் எயிற்றியனார் என்னும் புலவர் குறுக்கிட்டார். எதிர்ப்பவர் வேற்றரசர் அல்லர், உன் மக்கள். நீ வென்றால் உனக்குப்பின் நாட்டை யாருக்கு விடுவாய், தோற்றால் பகைவர் மகிழ்வார்களே என்னும் கருத்துப்பட அவர் உரைத்தார். குடும்பப் பூசலில் நடுவர் பேச வேண்டிய முறை இதுவே. யார்மேல் தவறு என்று அவர் தீர்ப்புக் கூறவில்லை. இப்பூசலில் வெற்றி என்பதே இல்லை என்று காட்டினார். பாகப்பிரிவினைக்கும் வரப்புச் சண்டைக்கும் பஞ்சாயத்துப் பேச அமரும் பெரியோர்கள் இப்பாடலை ஒருமுறை படித்துவிட்டு அமர்வது நலம். சோழன் போரைக் கைவிட்டான். ஆயினும் உள்ளம் முறிந்து வடக்கிருந்து உயிர்விடத் துணிந்தான். நாடு இருந்தது, படை இருந்தது. வீடு உடைந்தபின் அவை எதற்கும் பயன்படவில்லை.

இரண்டாவது பிசிராந்தையாரின் வீடு. சோழன் ஆற்றிடையே மரநிழலில் வடக்கிருந்தபோது, தன் நண்பர் தவறாது வருவார், அவருக்கு என் பக்கத்தில் இடம் ஒதுக்குங்கள் என்றான். செல்வம் இருந்த காலத்து வராதவர் அல்லற்காலத்து வாராதிரார் என்பது அவன் நம்பிக்கை. அருகிருந்த சான்றோர் ஐயுற்றனர். புலவரோ வந்தே விட்டார். வந்தவரைக் கண்டு அவர்கள் வியந்தது இன்னொன்று: ஆண்டு பல ஆகியும் இவருக்குத் தலை நரைக்கவில்லையே!

அவ்வியப்புக்கு அவர் கூறிய விடையே 191-ஆம் பாடல். அதன் கருத்தை வரிசை மாறாமல் காண்போம். மனைவியும் மக்களும் அறிவு நிறைந்தவர்கள். ஏவலர் தம் மனம் நினைப்பதையே நினைப்பவர்கள். அரசன் முறையல்லாதன செய்யாமல் காப்பவன். எல்லாவற்றுக்கும் மேலாக, அடக்கமும் நற்கொள்கையும் உடைய சான்றோர் பலர் ஊரில் வாழ்கின்றனர். உண்ட மருந்தையோ உணவையோ அவர் கூறவில்லை. இன்று இக்கேள்வியை எவரிடமேனும் கேட்டால் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் பெயர்தான் விடையாக வரும்!

அரசன் என்று அவர் குறிப்பிட்டது பாண்டியன் அறிவுடைநம்பியாக இருக்கலாம். வரியை அளவறிந்து கொள்ளாவிடின் யானை புகுந்த வயல்போல நாடு அழியும் என்று அவனுக்கு இடித்துரைத்தவர் இவரே. அவ்வரசனும் ஒரு புலவன்; தளர்நடையிட்டு வந்து நெய்ச்சோற்றைத் துழாவி உடம்பெல்லாம் பூசிக்கொள்ளும் குழந்தை இல்லாத வீட்டில் செல்வம் இருந்தும் பயனில்லை என்று பாடியவன்.

பிசிராந்தையாரின் வரிசையில் இறுதியாக நிற்கும் அயலாரைப்பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வீட்டின் அமைதி நான்கு சுவர்களுக்குள் மட்டும் உண்டாவதன்று. நம் பகுதியில் நோன்புக் காலத்தில் பள்ளிவாசலில் காய்ச்சும் கஞ்சி, தூக்குவாளியில் அடுத்த தெரு இந்து வீட்டுக்கும் செல்கின்றது; பொங்கலன்று அவ்வீட்டிலிருந்து கரும்பும் பொங்கலும் வருகின்றன. மாமா, மச்சான் என்று முறைவைத்து அழைத்துக்கொள்ளும் குடும்பங்கள் இரு சமயத்திலும் உள்ளன. திருமண வீட்டில் பந்தற்கால் நடுவது முதல் கடைசிப் பந்தி பரிமாறுவது வரை நிற்பவர் பலர் உறவினர் அல்லர், அயலவரே. வீட்டில் நோயென்றால் இரவில் முதலில் கதவைத் தட்டத் தோன்றுவதும் அவர்கள் கதவுதான். அவர்களோடு குப்பைக்கும் குழாய்த் தண்ணீருக்கும் மனம் கசந்து வாழ்பவனுக்கு நரை விரைந்து வருவதில் வியப்பென்ன?

இங்கே மாணவர் ஒருவர் வகுப்பில் எழுப்பத்தக்க வினா உண்டு. இத்துணை நல்ல மனைவி மக்களை விட்டு நண்பனோடு உயிர்விட வந்தது முறையா? வடக்கிருத்தல் அக்கால வழக்கம். உயிரை மாய்த்துக்கொள்வதை நம் மார்க்கமும் ஏற்பதில்லை, இன்றைய அறிவும் ஏற்பதில்லை. அதில் ஐயத்துக்கு இடமில்லை. அவர் மனைவி என்ன நினைத்தார் என்பதைப் பாடல்கள் ஓரிடத்தும் கூறவில்லை. எனினும் மக்கள் அறிவால் நிறைந்துவிட்டனர் என்று சொல்லும் பருவத்தில்தான், வீட்டுக்குச் செய்யவேண்டியவற்றைச் செய்து முடித்தபின்தான், அவர் புறப்பட்டார் என்று கொள்வதற்கு அவர் விடையே இடம் தருகின்றது.

இவ்வாறு கொள்வதற்கு வலிமையான துணை, மூன்றாவது வீட்டின் கதை. அது பொத்தியார் என்னும் புலவருடையது. இவர் சோழனை நாள்தோறும் கண்டு பழகிய நண்பர். அரசன் வடக்கிருந்தபோது இவரும் உடனிருக்க விரும்பினார். பாண்டிநாட்டிலிருந்து வரப்போகும் நண்பருக்கு இடம் ஒதுக்கிய அதே அரசன், அருகிலே நின்ற இந்நண்பருக்கு இடம் தர மறுத்தான். காரணம், பொத்தியாரின் மனைவி அப்போது கருவுற்றிருந்தார். மகன் பிறந்தபின் வா என்று கூறி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டான்.

நட்பின் பெருமைக்குப் பிசிராந்தையாரின் வருகையையே எல்லாரும் எடுத்துக்காட்டுவர். பொத்தியாரைத் திருப்பி அனுப்பியதே அதனினும் பெரிது என்பது என் கருத்து. இறக்கும் வேளையில் துணை வேண்டாதார் யார்? மக்களால் வீடிழந்த அம்மன்னன், பிறக்கவிருக்கும் ஒரு குழந்தை தந்தையை இழந்துவிடக் கூடாதே என்று எண்ணினான். நள்ளிரவு வரை பேச்சில் அமர்த்தி, வீட்டிலிருந்து ஆள் வந்து அழைத்தாலும், ‘இரு, போகலாம்’ என்று கையைப் பிடித்து இழுப்பவனை நாம் நண்பன் என்கிறோம். மனைவி காத்திருப்பாள், தாய்க்கு மருந்து வாங்க வேண்டும் என்று நினைவூட்டி எழுப்பி அனுப்புபவனை, ‘பாசமில்லாதவன்’ என்று குறை கூறுகிறோம்.

பொத்தியார் உறையூருக்குத் திரும்பினார். அரசன் இல்லாத மன்றத்தைக் கண்டபோது, பல்லாண்டு சோறிட்டு வளர்த்த யானையை இழந்த பாகன் வெறுங் கட்டுத்தறியைப் பார்த்து அழுவதுபோலக் கலங்கினார். ஆயினும் நண்பனின் சொல்லை மீறாது காத்திருந்தார். மகன் பிறந்தான். அதன்பின் மீண்டும் அவ்விடம் சென்றார். அங்கே அரசன் நடுகல்லாகி நின்றான். மகன் பிறந்தபின் வா என்றாயே, எனக்குரிய இடம் எது என்று அக்கல்லையே கேட்டார். கல்லாகிய பின்னும் அவன் தன் பழைய நண்பருக்கு இடம் தந்தான் என்பது 223-ஆம் பாடல் தரும் செய்தி.