சைக்கிளில் நிதி திரட்டலாமா?

கேள்வி: பட்டான்செருவில் வேலை பார்க்கிறேன். ஏழை விவசாயிகளுக்கு நிதி திரட்ட, ஆப்பிரிக்காவில் நடக்கும் சைக்கிள் பயணத்தில் சேரலாமா?

பதில்: தாராளமாகச் சேருங்கள். விமானக் கட்டணம், விசா, தங்குமிடம் மட்டும் உங்கள் கைக்காசாக இருக்கட்டும். நன்கொடையில் ஒரு ரூபாயும் அதற்குப் போகக் கூடாது. வெளிநாட்டவர் தரும் பணத்தை வாங்க இந்தியத் தொண்டு நிறுவனத்துக்கு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்.சி.ஆர்.ஏ.) பதிவோ முன் அனுமதியோ கட்டாயம். அந்தப் பணம் முதலில் ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும்.

உங்கள் ஊரிலேயே 1972-இல் தொடங்கிய இக்ரிசாட் இருக்கிறது. கம்பு, சோளம், துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை என மானாவாரிப் பயிர்களுக்காகவே உழைக்கும் ஆராய்ச்சி நிலையம். 2021-இல் ஆப்பிரிக்க உணவுப் பரிசும் பெற்றது. மானாவாரி விவசாயியின் பாட்டை அங்கே தெரிந்துகொண்டு கிளம்புங்கள். முதல் மழையை நம்பி விதைத்தது கருகி, மறுவிதைப்புக்குக் கடன் தேடுபவரிடம் உங்கள் பணம் எப்படிப் போய்ச் சேரும் என்று பயணத்தை நடத்துபவர்களிடம் கேளுங்கள். மழுப்பினால் வேறு பயணம் பாருங்கள்.