தேயிலைத் தோட்டத்துக் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை

ஈழத்துத் தமிழிலக்கியம் என்றவுடன் யாழ்ப்பாணத்தையும் மட்டக்களப்பையும் நினைவுகூரும் நாம், அட்டன், தலவாக்கொல்லைப் பகுதிகளின் பனிபடர்ந்த மலைகளை எளிதில் மறந்துவிடுகின்றோம். ஆங்கே தோன்றி, 'மக்கள் கவிமணி' எனப் போற்றப்பெற்ற சி. வி. வேலுப்பிள்ளை அவர்களை நம் மாணவர் அறிந்துகொள்ளல் வேண்டும்.

1914ஆம் ஆண்டு மடக்கும்புரைத் தோட்டத்திற் பிறந்த இவர், இருபது வயது நிரம்பு முன்னரே, 1931இல், 'விஸ்மாஜினி' என்னும் இசைநாடகத்தை ஆங்கிலத்தில் யாத்தார். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்திய காங்கிரஸ் சார்பில் வென்ற எழுவருள் ஒருவராய், தலவாக்கொல்லைத் தொகுதியின் உறுப்பினராகப் பாராளுமன்றம் புகுந்தார். அடுத்த ஆண்டே பிரசாவுரிமைச் சட்டம் நிறைவேறிற்று. 1949இல் வாக்குரிமையும் பறிபோயிற்று. தம்மைத் தெரிந்தனுப்பிய மக்கள் வாக்கற்றோர் ஆவதை அச்சபையில் இருந்துகொண்டே காணும் நிலை அவருக்கு நேர்ந்தது. அவர் நூல்களைப் படிப்போர் இதனை மறத்தலாகாது.

1950களில் வெளிவந்த 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் நெடுங்கவிதையே அவர்தம் படைப்புக்களுள் தலையாயது என்பது என் துணிபு. விடியற்காலத்துப் பறையொலி, கூடை சுமந்து மலையேறும் பெண்கள், தேயிலைத் தூரடியிற் பெயரின்றிப் புதையுண்ட முன்னோர் என அதிற் காண்பன யாவும் கண்ணாற் கண்டவை. ஆங்கிலத்தில் ஏன் பாடினார்? துரைமாரும் சட்டம் இயற்றுவோரும் அறிந்த மொழி அதுவே. எனினும், எவரைப் பாடினாரோ அவர்களுட் பெரும்பாலோர் அதனைப் படித்தறிய இயலாதிருந்தனர். சக்தீ அ. பால ஐயா அதனைத் 'தேயிலைத் தோட்டத்திலே' எனத் தமிழில் ஆக்கித் தந்தது 1969இலேதான்.

தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டிருந்த வேலுப்பிள்ளை, தமிழில் நாவல்களும் எழுதினார். அவற்றுள் 'வீடற்றவன்', 'இனிப் படமாட்டேன்' என்னும் இரண்டும் குறிப்பிடத்தக்கன. தோட்டத்து வாழ்வை அறியாதார்க்கு முன்னதன் பெயரே ஒரு பாடமாகும். லயத்துக் காம்பிரா தோட்டத்துக்கு உரியது. வேலை போனால் காம்பிராவும் போம். சங்கம் அமைக்க முற்படுவோன் கூலியை மட்டுமன்றிக் கூரையையும் பணயம் வைக்கின்றான். கதைக்கட்டு ஆங்காங்கே தளர்வதை மறுப்பதற்கில்லை. ஆயினும் கங்காணியின் அதட்டலும் பிரட்டுக்களத்தின் பேச்சும் பிறர் எழுத்திற் கிட்டாத உயிர்ப்புடன் வருகின்றன.

அவர் ஆற்றிய மற்றொரு தொண்டு, தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தொகுத்தமை. தாலாட்டும் ஒப்பாரியும், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்து நினைவுகளும் ஏட்டில் ஏறாமல் நாவிலே வாழ்ந்தவை. பாடிய முதியோர் மறைந்தால் பாட்டும் உடன் மறையும். தாமே கவிஞராயிருந்தும் பெயரறியாப் பாவலர்தம் பாட்டுக்களைத் தேடித் திரட்டினார். அத்தொகுதி 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் பெயரில் 1983இல் அச்சேறிற்று. மறு ஆண்டு, 1984இல், அவர் காலமானார். இந்நூலேனும் நம் கல்லூரி நூல்நிலையத்தில் இடம்பெறல் வேண்டும்.